ஒரு வால் குறைந்த கணக்கு

எங்க நைனா நகராட்சியில் தோட்டி. தினக்கூலி. கக்கூஸ் வாருவது, சாக்கடை தள்ளுவது, அநாதைப் பிணம் எடுப்பது எல்லாம் அவர் வேலை. இதோடு வருஷத்தில் இரண்டு மூன்று முறை நாய் பிடிக்கவும் போக வேண்டும். மாட்டேன் என்று சொன்னால் மறுநாள் கூலி கிடையாது.

ஊர்த் தெரு நாய்களின் கழுத்தில் நகராட்சி வில்லை தொங்கும். காசு கட்டி வாங்கிய வில்லை. வில்லை இருந்தால் வீட்டு நாய், இல்லாவிட்டால் தெரு நாய். எங்க காலனியில் ஒரு நாய்க்கும் வில்லை கிடையாது.

1977. எனக்குப் பன்னிரண்டு வயசு. எங்க ஆயா கஞ்சி ஊத்தி வளர்த்த செவல நாய் மணி. நாய் வண்டி அன்றைக்கு காலனிக்குள் வந்தது. "உன் தெரு நாய வுட்டுட்டு ஊருல மட்டும் புடிப்பியாடா?" என்று மேஸ்திரி கேட்டான். நைனா கூப்பிட்டார். மணி வாலை ஆட்டிக்கொண்டு அவரிடமே வந்தது. சுருக்குக் கம்பி அவர் கையில்தான் இருந்தது.

நான் ஒரு மாசம் அவரோடு பேசவில்லை.

செத்த நாய்களின் வாலை அறுத்து இன்ஸ்பெக்டர் முன்னால் எண்ணிக் காட்ட வேண்டும். வாலுக்கு இவ்வளவு என்று கூலி. அன்றைக்குக் கணக்கில் ஒரு வால் குறைந்தது. "ஒண்ணு ஓடிப்போச்சுங்க சாமி" என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறார். மணியை வாலோடு ஏரிக்கரையில் புதைத்திருந்தார். இது பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நைனா தன் வாயால் சொன்னதே இல்லை.

மருத்துவக் கல்லூரியில் எனக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அக்கிரகாரத்துக் குடும்பம். என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார், புத்தகம் கொடுப்பார். கோட்டா என்று ஹாஸ்டலில் எவனாவது என்னை வாய்க்கு வந்தபடி பேசினால் எனக்கு முன்னால் அவர் சண்டைக்குப் போவார். அவர் வீட்டு பொமரேனியன் செத்தபோது தேம்பித் தேம்பி அழுதார். ஹாஸ்டலே வந்து துக்கம் விசாரித்தது. ராத்திரி முழுக்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணியைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நைனாவின் வேலையையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

1986இல் சுருக்கு மாட்டும்போது ஒரு நாய் நைனாவின் கையைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்துதான். தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாக 14 ஊசி. ஐந்து போட்டுக்கொண்டார். ஊசிக்குப் போகும் நாளெல்லாம் கூலி வெட்டு. ஆறாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். ஏறி நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு வைத்தியம் இல்லை. பாடத்தில் இதை நான் படித்துக்கொண்டிருந்த அதே வருஷம், தண்ணி டம்ளரைப் பார்த்து நைனாவின் தொண்டை இழுத்துக்கொண்டதை வார்டில் நின்று பார்த்தேன். ஃபேன் காற்று பட்டாலும் உடம்பு தூக்கிப் போட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. "கிட்ட வராதப்பா" என்றார். அதுதான் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

சாவுக்கு நண்பர் வந்தார். எங்க காலனிக்கு அவர் வருவது அதுவே முதல் தடவை. அம்மா அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் வெகுநேரம் பேசாமல் வந்தவர் கேட்டார்: "வாயில்லாத ஜீவனக் கொல்ல அப்பாவுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால்தான் அது இத்தனை வருஷமாகக் குத்துகிறது.

கொன்றது யார்? தெருவில் நாய் இருக்கக் கூடாது என்று மனுக் கொடுத்தது ஊர். தீர்மானம் போட்டது நகராட்சி. கையெழுத்துப் போட்டது அதிகாரி. அவர்கள் கையில் ரத்தம் படவில்லை. பட்டது எங்கள் கையில். கடியும் எங்களுக்கு, பாவமும் எங்களுக்கு, 'இரக்கமில்லாதவர்கள்' என்ற பேரும் எங்களுக்கு. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்களுக்கு நாயையும் கழுதையையும் சொத்தாக ஒதுக்குகிறது. அரசன் ஆணைப்படி குற்றவாளிகளைக் கொல்லும் வேலையையும் அவர்கள் தலையிலேயே கட்டுகிறது. கொல்லும் வேலையை ஒரு சனத்திடம் கொடுத்துவிட்டு, பிறகு அவர்களைக் கொலைகாரச் சனம் என்று ஒதுக்கி வைக்கிற ஏற்பாடு இது. சுத்தமான கைகளின் அகிம்சை அடுத்தவன் கையில் நிற்கிறது. இந்த நூலைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அம்பேத்கரின் தலைமையில் கொளுத்தினார்கள். அதே ஊர்ச் சவதார் குளத்தில் நாய் குடிக்கலாம், மகர் குடிக்க முடியாது என்றிருந்தது.

இப்படிச் சொல்வதால் நாயை நேசிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் என்று யாரும் எண்ண வேண்டாம். நண்பரின் கண்ணீர் பொய் இல்லை. அழுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது, துக்கம் விசாரிக்க ஆள் இருந்தது. நைனாவுக்கு அழக்கூட உரிமை இல்லை, கணக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதனால் அவருடைய துக்கம் அறுக்காமல் விட்ட ஒரு வாலில் போய் ஒளிந்துகொண்டது. அதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு மாசம் பேசாமல் இருந்த நானும் அந்த நண்பர் கேட்ட கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன். அவருக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறேன்.

தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து தடுப்பூசி போட வேண்டும் என்று 2001இல் விதி வந்தது. நல்லது. ஆட்டு மூளை ஊசியும் 2005 வாக்கில் ஒழிந்தது. 2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, அதே மாதத்தில் அதை மாற்றியபோது, டிவியில் இரண்டு தரப்பும் காரசாரமாகப் பேசின. நாய்க்காகப் பேசினார்கள், கடிபட்ட குழந்தைக்காகப் பேசினார்கள். இரண்டும் பேச வேண்டியதுதான். வலையைப் பிடித்திருப்பவன் யார், அவனுக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டார்களா என்று நான் கேட்ட விவாதங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரம் நண்பர் போன் செய்தார். அவர் வளர்த்த கிழநாய் செத்துவிட்டது. நேரில் போய் உட்கார்ந்திருந்தேன். முதல் முறையாக மணியின் கதையை முழுசாகச் சொன்னேன். பஸ்ஸில் கேட்டது அவருக்கு நினைவில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "ஏரிக்கரையில எந்த இடம்னு தெரியுமா?" என்றார். தெரியாது. நைனாவுக்குத்தான் தெரியும்.

இப்போது ஊசி கையில்தான் போடுகிறோம், நாலைந்து தடவையோடு சரி. நாய் கடித்து வருகிறவர்களிடம், "சோப்பு போட்டு கால் மணி நேரம் ஓடுற தண்ணியில கழுவினீங்களா?" என்று எல்லா டாக்டர்களும் கேட்பதை நானும் கேட்பேன். காக்கிச் சட்டையோடு துப்புரவுத் தொழிலாளி யாராவது வந்தால் இன்னொன்றும் கேட்பேன்.

"அடுத்த ஊசிக்கு லீவு குடுப்பாங்களாண்ணே?"

அவர் பதில் சொல்வதற்குள் சீட்டை எழுதிவிடுவேன்.