அடுத்த துறையின் வாசலில்

நம் கலைக் கல்லூரிகளில் இளங்கலை பயில்வோர் தம் துறைக்கு அப்பாலும் ஒரு விருப்பப் பாடம் கற்க வழியுண்டு. அதைத் தேர்ந்தெடுக்கும் வேளையில் பெற்றோராகிய நாம் கேட்பது, "எதில் எளிதாக மதிப்பெண் கிடைக்கும்?" என்பதே.

1852இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகக் கல்வி குறித்து உரையாற்றிய புனித நியூமன், ஓர் அறிவுத்துறையை விலக்கினால் ஏனைய துறைகள் எல்லை மீறி அதன் இடத்தைப் பற்றிக்கொள்ளும் என எச்சரித்தார். உண்மைதானே! பொருளியல் மட்டும் கற்றவர் ஏழையின் பசியை எண்ணாகவே காணக்கூடும். இலக்கியம் மட்டும் கற்றவர் கண்ணீர் சிந்திவிட்டு, அப்பசியின் காரணம் அறியாது நிற்கக்கூடும்.

பிறர் துறையில் தொடக்க மாணவராய் அமர்வது தாழ்ச்சி. அத்தாழ்ச்சி பிறரன்புக்கும் வழி திறக்கும். மதிப்பெண் சற்றுக் குறையினும் குறையட்டும். "நீ இன்னும் அறியாதது எது? அதைக் கற்றுக்கொள்" என்று இனி நம் பிள்ளைகளுக்குச் சொல்வோமா?