நாற்பது குடம்

ஒரு வீடு, ஒரு இன்டர்நெட் லைன், நடுவில் ஒரு ரவுட்டர், இரண்டு கம்ப்யூட்டர். ஆளுக்குப் பாதி, அவ்வளவுதானே என்று நினைப்போம். அது பாதியாகப் பிரிவதில்லை ஸார்!

சாதாரண ரவுட்டருக்கு அண்ணன் தங்கை தெரியாது. தகவல் பொட்டலங்களை வந்த வரிசையில் தள்ளிவிடும். பங்கு பிரித்துக்கொள்வது கம்ப்யூட்டர்களின் வேலை. அதற்கு ஒரு கதை உண்டு. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே (வெறும் 400 கஜ தூரம்!) நொடிக்கு 32,000 பிட் போகவேண்டிய லைனில் 40 பிட்தான் போனது. எல்லோரும் முண்டியடித்ததன் விளைவு. வான் ஜேக்கப்ஸன் என்பவர் 1988-ல் வைத்தியம் சொன்னார்: பொட்டலம் தொலைந்தால், நெரிசல் என்று புரிந்துகொண்டு உன் வேகத்தைக் குறைத்துக்கொள். போலீஸ் கிடையாது, அபராதம் கிடையாது. தானாக விட்டுக்கொடுக்கவேண்டும். இன்டர்நெட் இன்றைக்கும் பெரும்பாலும் இந்த நாகரிகத்தில்தான் ஓடுகிறது.

ஆனால், இதில் ஒரு ஓட்டை. விட்டுக்கொடுப்பது இணைப்புகள்தான், மனிதர்கள் இல்லை. அண்ணன் டொரன்ட்டில் ஒரு கேம் இறக்குகிறான். அது ஒரே நேரத்தில் நாற்பது இணைப்பு திறக்கிறது. தங்கை ஒரு வேலைக்கு அப்ளிகேஷன் போடுகிறாள். கடைசி நாள், ராத்திரி பதினொன்றரை மணி. அவளுக்கு ஒன்றோ இரண்டோ இணைப்பு. நாற்பதும் பரம சாது, ஒழுங்காக ஒதுங்கி வழிவிடும். ஆனாலும், கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் அண்ணன் பக்கம். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த சென்னைக்காரர்களுக்கு இது உடனே புரியும். குடத்துக்குக் குடம் நியாயம்தான். நாற்பது குடமும் யாருடையது என்பதுதான் கேள்வி.

நான் காமர்ஸ் படித்தவன். 1932-ம் வருஷத்து கூட்டாண்மைச் சட்டம், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபம் சமபங்கு என்கிறது. அந்தக் கணக்குகூட ஆளுக்குத்தான், ஆள் தூக்கிவந்த பைக்கு இல்லை.

சரி, ரவுட்டரைத் திருத்தி ஆளுக்குச் சரிபாதி கொடுத்தால் பிரச்னை தீருமா? பத்துப் பேர் இருக்கிற வீட்டுக்குப் பத்துக் குடம் வேண்டும். காய்ச்சல்காரன் வீட்டுக்கு ஒரே குடம் போதும், ஆனால் இப்போதே வேண்டும்! பல ரவுட்டர்களில், 192.168.1.1 மாதிரி ஒரு முகவரிக்குள் நுழைந்தால், எந்தக் கம்ப்யூட்டருக்கு முதலிடம் என்று குறித்துவைக்கலாம். பாஸ்வேர்ட் அப்பாவிடம். பில் கட்டுகிறவர் ஆச்சே!

பில் கட்டுகிறவர் சாவியை வைத்துக்கொள்ளட்டும். அதற்காக முதல் குடம் அவருடையது ஆகிவிடாது. காத்திருக்க முடியாதது எதுவோ அதற்குத்தான் முதல் முறை என்பேன். 'எனக்கும் அவசரம்' என்று எல்லோரும்தான் சொல்வார்கள், எப்படி நம்புவது என்கிறீர்களா? ஒரே வீட்டில் அதைக்கூட நம்பாவிட்டால் எப்படி? கேம் நாளைக்கு வந்தாலும் அதே கேம்தான். அப்பாவின் கிரிக்கெட் ஹைலைட்ஸும் காலையில் அதே ஸ்கோரோடுதான் இருக்கும்.