விடை கூறும் கடப்பாடு

மயிலிட்டித் துறையிலிருந்து வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகில் தொழிலுக்குப் போகும் மீனவனுக்கு மண்ணெண்ணெய் அன்றைய உலைக்கு வேண்டிய முதல். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அது கிடைத்தற்கரியதாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. இதற்குப் பொறுப்பாளர் யார் என அம்மீனவன் வினவின், விடை கூறவேண்டியவர் யார்? அரசியல் வினாவாகத் தோன்றும் இதன் அடியில் ஓர் அறவியற் சிக்கல் கிடக்கின்றது.

சட்டத்தின் விடை எளிது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 42ஆம் உறுப்புரை, அமைச்சரவையானது கூட்டாகப் பாராளுமன்றத்துக்குப் பொறுப்புடையதும் விடையளிக்கக் கடமைப்பட்டதும் ஆகும் என்கின்றது. ஆயின் நிகழ்ச்சிகளின் வரிசையை நோக்குமிடத்து இவ்வெளிமை மறைந்துவிடுகின்றது. 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டபோது நிதியமைச்சு மஹிந்த ராஜபக்ஷவிடம் இருந்தது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றிய காலத்தில், 2021 யூலை முதல் 2022 ஏப்பிரல் தொடக்கம் வரை, அது பசில் ராஜபக்ஷவிடம் இருந்தது. ஏப்பிரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டபோது அலி சப்ரியிடமும், மண்ணெண்ணெய் விலை உயர்ந்தபோது ரணில் விக்கிரமசிங்கவிடமும் இருந்தது. முடிவெடுத்தவர் ஒருவர், அம்முடிவின் பயன் வெளிப்பட்ட வேளையில் ஆசனத்தில் இருந்தவர் இன்னொருவர். அனைவரும் கூட்டாகப் பொறுப்புடையர் என்னும் கோட்பாடு, எவரும் தனித்துப் பொறுப்பல்லர் என்னும் நடைமுறையாகத் திரிவது இங்ஙனமே.

பதவி விலகலே பொறுப்பேற்றலின் உச்சம் என்பது நம்மிடையே நெடுநாள் நிலவும் கருத்து. 1953இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க விலகினார். 1962இல் அரிசிப் பங்கீட்டைக் குறைக்க முன்மொழிந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் எதிர்ப்பின் முன் அப்பதவியைத் துறந்தார். இவற்றை நன்முறைகள் என நாம் போற்றலாம். ஆயினும் இவ்விருவரும் பற்றாக்குறையை மக்கள் முன் வெளிப்படையாக வைத்த ஆட்சிகளைச் சேர்ந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. தட்டுப்பாட்டைக் கூறுவோன் வீழ்வான், கடன் வாங்கி மறைப்போன் நிலைப்பான் என்னும் பாடத்தைப் பின்வந்தோர் இவற்றிலிருந்து கற்றிருக்கவுங்கூடும்.

மேலும், விலகல் விடையாகாது. 2022 ஏப்பிரல் 3ஆம் நாள் இரவு அமைச்சரவை உறுப்பினர் ஒருங்கே பதவி விலக முன்வந்தனர். யூன் 9இல் பசில் ராஜபக்ஷ பாராளுமன்ற ஆசனத்தையும் துறந்தார். அவையில் இல்லாதவரை அவை எங்ஙனம் வினவும்? ஜனாதிபதி மீதான அதிருப்திப் பிரேரணையை உடன் விவாதிப்பதற்காக நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்தக் கோரிய பிரேரணையும் மே 17இல் 68க்கு எதிராக 119 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. அவை கேட்க மறுத்த வினாவை யூலை 9இல் வீதி கேட்டது. பின்னர் சில குடிமக்கள் தொடுத்த வழக்கிலே, 2023 நவம்பர் 14இல், முன்னாள் ஆட்சியாளரும் உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. தீர்ப்பு மதிக்கத்தக்கது, ஆனால் அது நிகழ்ந்து முடிந்ததன் மீதே பேசவல்லது. கேடு முற்றுமுன் வினவும் ஆற்றல் பாராளுமன்றத்துக்கே உண்டு.

சிலப்பதிகாரத்தில் தவறுணர்ந்து பாண்டியன் உயிர் நீத்ததையே நாம் வியக்கின்றோம். அதற்கு முன் நிகழ்ந்தவற்றை அத்துணை எண்ணுவதில்லை. வாயில் திறந்தது, வழக்குரைக்க வந்தவள் பேசினாள், சிலம்பு அவையிலேயே உடைக்கப்பட்டு உண்மை வெளிப்பட்டது. நீதியின் உயிர் அங்கேயே இருந்தது. அரசனின் இறப்பு அதன் விளைவு மட்டுமே.

உலகளாவிய நோய்ப்பரவலும் உல்லாசப் பயணத்துறையின் வீழ்ச்சியும் எந்த அமைச்சரும் உண்டாக்கியவை அல்லவே எனச் சிலர் கூறுவர். உண்மை. வாடைக்காற்றைத் தண்டையல் உண்டாக்குவதில்லை. ஆயினும் வானத்தின் குறி கண்டும் படகைச் செலுத்தினானா, உடன் வந்தோருக்கு அதை உரைத்தானா என்னும் இரு வினாக்களுக்கு அவன் விடை கூறியே ஆகவேண்டும். காற்றின் மீது பழிபோடுவதால் அவ்விரண்டும் தீர்ந்துவிடா.

1990 யூனில் ஊரை இழந்து, 2017 யூலையிலேயே துறைமுகத்தை மீளக் கண்ட மயிலிட்டி மக்களுக்குக் காரணம் உரைக்கப்படாத இழப்பு புதியதன்று. எண்ணெயின் விலையை அவர்கள் அறிவர். அவ்விலையை ஆக்கிய முடிவுகளை அறியார். துன்புறுவோனையும் துன்பத்தின் காரணத்தையும் ஒரே வெளிச்சத்தில் நிறுத்தவல்ல இடம் பாராளுமன்றம் ஒன்றே. நிவாரணம் பசியைத் தணிக்கும். விடையோ மனிதனைக் குடிமகனாக மதிக்கும். அவ்விடையைப் பதவியில் இருக்கும்போதே கூறுவது அமைச்சரின் கடன். கூறும்வரை கேட்பது நமது கடன்.