ஹுதைபிய்யாவும் கொழுந்துக் கூடையும்

ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டு, துல்கஃதா மாதம். உம்ராவை நாடி மதீனாவிலிருந்து புறப்பட்ட சுமார் 1400 பேர் மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டு நிற்கிறார்கள். உடன்படிக்கை முடிந்துவிட்டது. இவ்வருடம் திரும்பிப் போக வேண்டும். மக்காவிலிருந்து தப்பி வருபவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே விலங்கோடு வந்து விழுந்த அபூஜந்தல் (ரழி) எல்லோர் கண்முன்னேயும் திருப்பி அனுப்பப்பட்டார். உமர் (ரழி) அவர்களுக்கே மனம் ஆறவில்லை. அந்த நேரத்தில் நபி (ஸல்) அவர்கள், பிராணிகளை அறுத்துத் தலைமுடியை மழித்துக்கொள்ளுமாறு கட்டளையிடுகிறார்கள். மூன்று தடவை சொல்லியும் ஒருவரும் எழவில்லை.

கூடாரத்துக்குள் சென்று உம்மு ஸலமா (ரழி) அவர்களிடம் இதைச் சொன்னபோது அந்த அம்மையார் சொன்ன யோசனை சின்னது. வெளியே போங்கள், யாரோடும் பேச வேண்டாம், உங்கள் பிராணியை நீங்கள் அறுங்கள், நாவிதரை அழைத்து உங்கள் முடியை மழியுங்கள் என்பதே அது. நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் ஸஹாபாக்கள் எழுந்து தாமும் அறுத்தார்கள். ஒருவருக்கொருவர் முடி மழித்தார்கள்.

வருடத்துக்கு ஒரு தடவையாவது குத்பாவில் நாம் கேட்கும் சம்பவம்தான். பெண்ணின் ஆலோசனையையும் மதிக்க வேண்டும் என்பதற்கு ஆதாரமாக அதைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது வேறொரு கேள்வியாக உறுத்தத் தொடங்கியது 2021 இல். ஒரு கூட்டத்தைப் பழைய நிலையிலிருந்து புதிய நிலைக்குக் கொண்டுபோகிறவர், அந்த மாற்றத்தின் இழப்பை யார் தலையில் முதலில் வைக்கிறார்?

அந்த வருடம் எங்கள் ஊவா மலைகளில் நடந்ததைச் சொல்வதற்கு முன், 'பேர்' என்ற சொல்லைக் கொழும்பு வாசகர்களுக்கு விளக்கிவிட வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்பது ஒரு பேர். குறித்த கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். தராசில் குறைந்தால் அரைப்பேர். காலை பிரட்டுக்களத்தில் நின்ற நேரமும் மலையில் நனைந்த நேரமும் கணக்கில் இல்லை. கூடையில் உள்ளதே கணக்கு. 2021 மார்ச் மாதம் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டது. பல வருடங்களாகக் கேட்டுப் போராடிக் கிடைத்த ஆயிரம். ஆனால் சம்பளம் ஏறிய கையோடு பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கிலோவும் ஏறியது. 16, 18 என்று இருந்த இடங்களில் 20 என்றார்கள். கொண்டுவராதவருக்கு அரைப்பேர், அதாவது ஆயிரத்தில் பாதி.

இரண்டு மாதம் கழித்து, மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடைசெய்தது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருடங்களில் செய்வதாகச் சொன்ன மாற்றம் அது. விவசாயப் பேராசிரியர்கள் எச்சரித்தார்கள், கேட்பாரில்லை. ஒக்டோபரில் தேயிலைக்கும் நவம்பரில் மற்றவற்றுக்குமாகத் தடை நீங்கியபோது உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. 2021 இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது.

இந்தக் கணக்கைக் கூடையிலிருந்து பார்க்க வேண்டும். மேலிருந்து இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று கிலோவை ஏற்றியது, மற்றது செடியில் கொழுந்தை இறக்கியது. இரண்டையும் கொண்டுவந்தவர்கள் வேறுவேறு ஆட்கள். ஒருவரையொருவர் அவர்கள் கலந்தார்களோ என்னவோ, இரண்டும் வந்து சந்தித்த இடம் ஒரு பெண்ணின் முதுகு. உத்தரவு போட்ட எவருக்கும் அந்த மாதங்களில் அரைப்பேர் விழவில்லை.

மாற்றமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இதே பதுளை மாவட்டத்தில், அப்புத்தளைக்குப் பக்கத்தில் இதல்கஸ்ஹின்ன தோட்டம் 1980களின் பிற்பகுதியிலேயே இயற்கை முறைக்கு மாறிவிட்டது. அங்கே மண்ணுக்கு வருடங்கள் கொடுக்கப்பட்டன. விளைச்சல் குறைவதை ஈடுசெய்யக் கூடிய விலை கொடுக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களைத் தேடினார்கள். மதுவை விலக்கிய இறைவனே அதை ஒரே நாளில் விலக்கவில்லை. அதில் பாவம் பெரிது என்பது முதலில். போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்பது பிறகு. முழுத் தடை அதற்கும் பிறகு. அந்தக் கடைசிக் கட்டளை வந்த அன்று மதீனாவின் வீதிகளில் மது கொட்டப்பட்டு ஓடியது என்கிறார்கள். ஒரே நாளில் நிறைவேறிய அந்தக் கட்டளைக்குப் பின்னால் வருடங்கள் இருந்தன.

ஆனால் 'படிப்படியாக' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்களையும் எனக்குத் தெரியும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடும் வரை மக்கள் அங்கேதான் இருந்தார்கள். அந்த மக்களின் அறியாமை என்று சிலர் எழுதினார்கள். பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் கையில் கொடுக்காமல் எழும்பிப் போ என்றால், மனிதர் எங்கே போவார்? அங்கே மாற்றம் தாமதமானதற்கும் 2021 இல் மாற்றம் பாய்ந்து வந்ததற்கும் அடியில் இருப்பது ஒன்றே. இரண்டிலும் செலவை ஏற்க மேலே ஒருவரும் முன்வரவில்லை.

ஷூறா செய்திருந்தால் சரியாகியிருக்கும் என்று நம் நண்பர்கள் சொல்வார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உஹதில் நபியவர்கள் தம் எண்ணத்தை விட்டுப் பெரும்பான்மையின் விருப்பப்படி ஊருக்கு வெளியே சென்றார்கள், இழப்பு வந்தது. அந்த இழப்புக்குப் பின் இறங்கிய வசனம், இனியும் அவர்களைக் கலந்தாலோசியுங்கள் என்றே சொன்னது. ஷூறாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டியதில்லை. ஆயினும் ஹுதைபிய்யா உடன்படிக்கை ஷூறாவில் முடிவானதல்லவே. பெரும்பாலோர் விரும்பாத ஒன்று அது. ஆகவே சம்மதம் கேட்பது மட்டும் தலைமையின் கடமையை முடித்துவிடாது. சம்மதம் பெற முடியாத நேரமும் வரும். அப்படியான நேரத்தில் தலைவரிடம் மிஞ்சியிருப்பது உம்மு ஸலமா (ரழி) காட்டிய வழிதான். நபியவர்களும் இஹ்ராமோடுதான் வந்திருந்தார்கள். அவர்களும் கஃபாவைக் காணாமலே திரும்பப் போகிறவர்கள். அந்த இழப்பை எல்லோரும் பார்க்கத் தம் தலையில் முதலில் ஏற்றார்கள், அதுவும் பேசாமல். நம் நாட்டில் இது நேர்மாறு. பேச்சு முதலில் வரும். தலைமுடி அப்படியே இருக்கும். ஹிஜ்ரி 18 இன் பஞ்சத்தில், மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யைத் தொடமாட்டேன் என்று எண்ணெயோடு ரொட்டி தின்ற உமர் (ரழி), ஹுதைபிய்யாவில் எழாமல் நின்ற அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதையும் நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பெரியவர்களைக் குறை சொல்வது லேசு. சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலையில் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தபோது நான் ஒரு மாற்றம் கொண்டுவந்தேன். காலை ஏழரைக்கு கேற் மூடப்படும். பிந்தி வருபவர் முதல் பாடம் முடியும்வரை வெளியே. இரண்டு வாரத்தில் பிந்தி வருவோர் தொகை பாதியாகியது. சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பெருமையோடு எழுதினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மட்டும் தினமும் வெளியே நின்றது. கேட்டால் வாய் திறக்காது. ஒருநாள் மத்தியானம் நிறுவைக்குப் போகிற வழியில் அதன் தாய், கையெல்லாம் கொழுந்துக் கறையோடு வந்தார்.

"சேர், தம்பிய பிள்ளைக் காம்பராவுல விட்டுட்டுத்தான் அவ வரணும். அது தொறக்கிறதே ஏழரைக்கி. நான் பெரட்டுக்குப் போகலன்னா பேர் இல்ல."

மறுநாள் விடியற்காலை அந்த லயத்துக்குப் போனேன். அந்தப் பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தது, நான் பின்னால். பிள்ளைக் காம்பரா ஆயம்மா கதவைத் திறந்ததும் தம்பியை விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கினோம். மழை ஈரம், அட்டை. இரண்டு தடவை நான் வழுக்கினேன். பாடசாலைக்கு வந்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. நான் போட்ட சட்டப்படி கேற் மூடியிருந்தது. காவலாளி என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே திறந்தார். பிள்ளை வழக்கம்போல வெளியே நின்றுகொண்டது, நான் கூப்பிடும்வரை.

அன்றிலிருந்து கேற் எட்டேகால் வரை திறந்திருந்தது. ஒழுக்கம் கெடவில்லையா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கொஞ்சம் கெட்டதுதான். சந்தியில் கடையோரம் நின்றுவிட்டு வரும் பையன்கள் இரண்டு பேர் அந்தச் சலுகையை நன்றாகப் பயன்படுத்தினார்கள்.

இப்போது தோட்டங்களில் இன்னொரு மாற்றம் வருகிறது. நாட்சம்பளத்துக்குப் பதிலாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவு செடி என்று பிரித்துக் கொடுத்து, அவர்கள் பராமரித்து எடுக்கும் கொழுந்தைக் கிலோ கணக்கில் கம்பனி வாங்கும் முறை. தொரையும் கங்காணியும் அதட்டாத வாழ்வு என்று விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சேமலாப நிதி என்னவாகும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. சென்ற வருடம் என் மாணவன் ஒருவனின் தகப்பன் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளொன்றைக் கொண்டுவந்து வாசித்துச் சொல்லச் சொன்னார். நான்கு பக்கம். உரத்தின் விலை எப்படிக் கழிக்கப்படும், கொழுந்து எப்படி இருந்தால் வாங்கப்படாது, செடியை அழியவிட்டால் என்ன நடக்கும் எல்லாம் விபரமாக இருந்தது.

நான் ஒரு வரியைத் தேடினேன். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும். அந்த வறண்ட காற்றில்தான் எங்கள் தேயிலைக்கு உலகம் கேட்கும் வாசம் ஏறுகிறது. ஏலத்தில் விலையும் ஏறுகிறது. அதே மாதங்களில் செடி சுணங்கிக் கூடை இலேசாகிவிடும். அப்போது குறையும் கிலோ யார் கணக்கில்?

"என்ன சேர், கையெழுத்து வைக்கலாமா?"

தாளை முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தேன். அந்த வரி அதில் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்போ அதைத்தான் மொதல்ல கேக்கணும்" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறினார்.