ஓரறிவு உயிரும் அடுப்படியும்

செடிகொடிக்கும் உயிர் உண்டு என்பதைத் தமிழ் மரபு வெகுகாலத்துக்கு முன்பே ஒத்துக்கொண்டுவிட்டது. அப்படியானால் கீரையைக் கிள்ளுவதும் கத்தரிக்காயை அரிவதும் கொலையில் சேருமா, சேராதா? மீனையும் கறியையும் ஒதுக்கிவிட்டுக் காய்கறி மட்டும் சமைக்கும் வீடு கொல்லாமையைக் கடைப்பிடித்ததாகிவிடுமா? சமயவாதிகள் பல நூற்றாண்டுகள் இதைப் பேசியிருக்கிறார்கள். 'ஆகிவிடும்' என்று நிபந்தனையில்லாமல் சொன்னவர்கள் அவர்களில் குறைவு.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கைப்படி அடுக்குகிறது. தொடுவதை உணர்வதோடு நிற்கும் தாவரங்களுக்கு முதல் படி. நத்தை போன்றவை இரண்டாம் படி, கரையானும் எறும்பும் மூன்றாம் படி, நண்டும் தும்பியும் நான்காம் படி, விலங்குகள் ஐந்தாம் படி. மனமும் சேர்ந்ததால் மனிதருக்கு ஆறு. சமணரின் புலன் கணக்கும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகிறது. யாரிடமிருந்து யார் பெற்றார்கள் என்ற பழைய வழக்கு இங்கே வேண்டாம். சமையலுக்கு முக்கியமானது வேறு: இந்த ஏணியில் அடிப் படியில் நின்றாலும் முருங்கையும் புடலையும் ஏணிக்கு வெளியே இல்லை.

தேனி மாவட்டம் மார்க்கையன்கோட்டையில் இந்தக் கேள்வி ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. சின்னமனூருக்கு அருகிலுள்ள இந்தப் பேரூர் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்தது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாக விளைகிறது. நெல்லும் வாழையும் தென்னையும் ஆற்றுப் பாய்ச்சலுக்கு. கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை, பீட்ரூட், நூல்கோல் எல்லாம் கிணற்றுப் பாய்ச்சல் தோட்டங்களுக்கு. வட்டத்தின் தலைமையிடமான உத்தமபாளையத்தில் ஒரு பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் அச்சணந்தி, அரிட்டநேமி முதலிய சமணப் பெரியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. காலம் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. பாறைக்கு இன்று ஊரார் வழங்கும் பெயர் கருப்பணசாமி பாறை. ஓரறிவு உயிருக்கும் கணக்கு வைத்த துறவிகள், காய்கறி விளையும் இதே மண்ணில்தான் பிச்சை ஏற்று உண்டிருக்கிறார்கள்.

சமணர் இந்தக் கேள்விக்கு மழுப்பலாக விடை சொல்லவில்லை. ஹிம்சையை நான்காகப் பிரித்தார்கள். வேண்டுமென்றே கொல்வது ஒன்று. தன்னைக் காத்துக்கொள்ளும்போது நேர்வது ஒன்று. உழவு முதலிய தொழிலில் நேர்வது ஒன்று. வீட்டு வேலையில், அதாவது சமைப்பதிலும் பெருக்குவதிலும் அரைப்பதிலும் நேர்வது ஒன்று. இல்லறத்தார் முற்றாக விடவேண்டியது முதல் வகையை. மற்ற மூன்றையும் கூடியமட்டும் குறைக்க வேண்டும். ஆகவே ஒரு சமண இல்லாள் கூட்டு வைக்கும்போது 'இது ஹிம்சை இல்லை' என்று அவள் சமயம் அவளைத் தேற்றுவதில்லை. தவிர்க்க முடியாத ஹிம்சை என்று பெயரிட்டு அளவை மட்டும் கேட்கிறது. துறவிக்கு அந்தச் சலுகையும் கிடையாது. அவர் அடுப்பு மூட்டக்கூடாது, தமக்கென்று சமைத்ததை ஏற்கவும் கூடாது.

அளவு என்று வந்ததும் காய்க்குக் காய் வித்தியாசம் பிறக்கிறது. வெங்காயம், பூண்டு, உருளை, முள்ளங்கி, பீட்ரூட் போன்றவற்றைச் சமணர் விலக்குவதற்குச் சொல்லும் காரணம், ஒரு கிழங்கின் உடலில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்பது. மண்ணைத் தோண்டும்போது சாகும் உயிர்கள் அதற்கு மேல். பச்சை இஞ்சிக்கு விலக்கு. காய்ந்த சுக்குக்கு அனுமதி. மஞ்சளும் காய்ந்த நிலையில் சேர்க்கலாம். கேட்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். உயிர் எங்கே இருக்கிறது என்பதில் மட்டும் கண் வைத்தால் இந்த விதியில் ஒழுங்கு இருக்கிறது.

தோட்டக்காரர்களும் இதற்கு ஒத்த வேறுபாட்டைத் தத்துவப் பெயரில்லாமல் அறிவார்கள். அரைக்கீரையை விதைத்து ஒரு மாதம்போல் ஆனதும் அடியில் இரண்டு விரற்கடை விட்டு அறுக்கிறார்கள். அது மறுபடி துளிர்க்கிறது, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அறுக்கலாம். முளைக்கீரையை வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டுகிறார்கள். அதோடு அந்தச் செடியின் கதை முடிந்தது. கத்தரியைப் பிஞ்சாகப் பறிக்கப் பறிக்கச் செடி காய்த்துக்கொண்டே இருக்கும். பழுக்க விட்டால் காய்ப்புக் குறையும். முருங்கையை ஒடித்துவிட்டால்தான் புதுக்கிளை வரும். பீட்ரூட்டையோ பிடுங்காமல் தின்ன வழியில்லை. சின்ன வெங்காயத்தில் தின்பதும் விதைப்பதும் ஒரே பொருள். சாம்பாருக்கு உரிக்கும் ஒவ்வொரு வெங்காயமும் நடாமல் போன ஒரு செடி. தேனிப் பக்கத்துச் சமையலில் சின்ன வெங்காயத்தை எடுத்துவிட்டால் குழம்பில் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். கொல்லாமை என்பது மனசு மட்டுமல்ல, நாக்கும் சம்பந்தப்பட்டது.

வைதிக மரபு வேறொரு பக்கத்திலிருந்து அடுப்படிக்குள் நுழைந்தது. மனுஸ்மிருதி இல்லறத்தானுக்கு வீட்டிலேயே ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல்-உலக்கை, தண்ணீர்க் குடம். சமைப்பது புலாலா காய்கறியா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. விறகில் இருந்த பூச்சியும் உரலில் மாட்டிய எறும்பும் எப்படியும் சாகும். அதற்குப் பரிகாரமாக ஐந்து வேள்விகளைச் சொல்கிறது. அவற்றில் பிற உயிர்களுக்குச் சோறிடுவதும் விருந்தினருக்கு உணவிடுவதும் அடக்கம். திருக்குறளும் கொல்லாமை அதிகாரத்திலேயே, கிடைத்ததைப் பகிர்ந்து உண்டு பல உயிர்களைக் காப்பதை நூலோர் தொகுத்த அறங்களில் தலையாயதாக வைக்கிறது. கொல்லாமையைப் பேச வந்த இடத்தில் பகிர்வு ஏன் வருகிறது என்று உரைகாரர்கள் யோசித்திருக்கிறார்கள். உண்பதில் கொஞ்சமாவது கேடு உண்டு, அந்தக் கடனைப் பகிர்ந்துதான் தீர்க்க வேண்டும் என்று கொண்டால் அந்த இடம் பொருத்தமாகவே இருக்கிறது.

பௌத்தர்களின் வாதம் வேறு. தனக்கென்று கொல்லப்படாத இறைச்சியைப் பிச்சையில் ஏற்பது குற்றமல்ல என்றார்கள். குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த நீலகேசி என்ற சமண நூல் இதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை: வாங்குகிறவன் இல்லாவிட்டால் கொல்கிறவன் ஏது? குறளும் புலால் மறுத்தலில் இதே வழக்கைத் தொடுத்திருக்கிறது. வாதம் கூர்மையானது. ஆனால் ஓரறிவு உயிரின் மேல் அதே கூர்மையைத் திருப்பினால் சந்தையில் கீரைக்கட்டு வாங்குபவரையும் அது விடாது. சமணர் படி பிரித்து வைத்தது இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

சைவம் இந்தப் படிக்கட்டையே புரட்டிப் போட்டது. அதற்குப் பெரியபுராணத்து இளையான்குடி மாறனாரைவிடத் தெளிவான சாட்சி இல்லை. வறுமைப்பட்ட வீடு. மழை கொட்டும் இரவில் ஓர் அடியார் பசியோடு வந்து நிற்கிறார். வீட்டில் ஒன்றும் இல்லை. பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று மனைவி சொல்கிறார். மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் தடவித் தடவிப் போய், தண்ணீரில் மிதந்த முளைநெல்லை அள்ளி வருகிறார். விறகு இல்லை, கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தருகிறார். மனைவி நெல்லை வறுத்து, குத்தி, உலையில் இடுகிறார். கறிக்கு என்ன செய்வது? குழியில் இன்னும் நிறைந்து வளராத கீரைப் பயிரைக் கையால் தடவிப் பிடுங்குகிறார். பிறவிக்கு வேரான பாசத்தைப் பறிப்பவர் போல என்று சேக்கிழார் அதை உவமிக்கிறார். அந்த ஒரு கீரையை மனைவி அலசி, கைத்திறத்தால் வெவ்வேறு கறிகளாகச் சமைத்து வைக்கிறார்.

எளிய வீட்டுச் சமையலுக்குத் தமிழில் இதைவிடப் பழைய, முழுமையான சித்திரம் கிடைப்பது அரிது. இதைச் சமணக் கணக்கில் வைத்தால் என்ன ஆகும்? விதைத்து முளைவிட்ட நெல், வேரோடு பிடுங்கிய இளம் பயிர், நள்ளிரவு உணவு. மூன்றும் விலக்கு. சேக்கிழாரோ அதையே தொண்டின் உச்சியில் வைக்கிறார். இலையில் விழுந்தது என்ன என்பதைவிட யாருடைய பசிக்கு விழுந்தது என்பதே இங்கே அளவுகோல். அதே நூலில் கண்ணப்பர் படைத்த இறைச்சியையும் இறைவன் ஏற்றுக்கொள்கிறார் என்பதை மறந்துவிட்டு, சைவம் என்றாலே காய்கறி என்று நினைப்பது பிற்கால வழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்து விடை எழுதியவர் வள்ளலார் இராமலிங்க அடிகள் (1823–1874). 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்து இன்றும் சோறு போடுகிறது. வாடும் பயிரைக் கண்டு தாமும் வாடியவர் அந்தப் பயிரையே உண்ணச் சொல்வது எப்படி? 'ஜீவகாருணிய ஒழுக்கம்' என்ற நூலில் அவரே அதைக் கேள்வியாக எழுப்புகிறார். நெல்லும் மரமும் புல்லும் உயிர்கள்தாம் என்று முதலில் ஒத்துக்கொள்கிறார். அவற்றைத் துன்புறுத்தினால் அது ஓரளவு ஜீவகாருணியத்துக்கு மாறுதான் என்றும் சொல்கிறார். பிறகு தம் வாதத்தை வைக்கிறார். வித்து சடப்பொருள், நிலத்தில் இட்ட பிறகே உயிர் அதில் ஏறுகிறது. காய், கனி, பூ, இலை, கிழங்கு ஆகியவற்றை எடுப்பது உடலிலிருந்து நகத்தையும் மயிரையும் களைவது போன்றது. தாவரத்துக்கு மனம் முதலிய கருவிகள் விரியாததால் அங்கே துன்பம் உண்டாவதில்லை.

வாதத்தில் ஓர் இடம் தளர்ச்சியாகத்தான் இருக்கிறது. முருங்கைக் கீரை நகத்துக்கு ஒப்பாகலாம்; முழுச் செடியோடு பிடுங்கும் முள்ளங்கிக்கு அந்த ஒப்புமை போதாது. வித்தைப் பற்றிய அவர் வரையறைப்படி பார்த்தாலும், மாறனார் வாரி வந்தது விதைத்துவிட்ட நெல். ஆனாலும் வள்ளலாரின் நேர்மை, இழப்பே இல்லை என்று கைகழுவாமல் 'ஓரளவு' என்று ஒத்துக்கொண்டதில் இருக்கிறது. அவருக்குப் பின் ஜகதீஷ் சந்திர போஸ் செடிகள் தூண்டுதலுக்கு எதிர்வினை காட்டுவதைக் கருவிகளால் அளந்து காட்டினார். எதிர்வினை வேறு, வலி வேறு. ஆகவே சோதனைச்சாலை இந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுதிவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்றைய அடுப்படியில் வழக்கு வேறிடத்துக்கு நகர்ந்திருக்கிறது. கத்தரிக்காயை நாலாக வகுந்து, கறுக்காமல் இருக்க உப்புத் தண்ணீரில் போடும்போது கை ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்க்கிறது. துளை இருந்தால் அந்தப் பக்கத்தைச் செதுக்கி எறிகிறது. உள்ளே நெளிவது காய்த்துளைப்பான் புழு. புழு இல்லாத, பளபளவென்ற காயைத்தான் எல்லோரும் பொறுக்குகிறார்கள். அந்தப் பளபளப்புக்காகத் தோட்டத்தில் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். அதில் சாவது ஓரறிவு உயிரல்ல. புழுவும், அந்துப்பூச்சியும், அவற்றோடு தேனீயும். சொத்தைக் காயை வாங்கிச் செதுக்கிச் சமைப்பவர், பழைய கணக்கின்படி, பளபளப்பான காய் வாங்குபவரைவிடக் குறைந்த ஹிம்சையில் குழம்பு வைக்கிறார். பழைய நூல்கள் பூச்சிமருந்தைக் கண்டதில்லை. ஆனால் தொழிலில் நேரும் ஹிம்சை என்ற வகையில் இதற்கு இடம் வைத்தே போயிருக்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் பெரும்பாலான வீடுகள் ஆளைப் பார்த்தல்ல, நாளைப் பார்த்துக் காய்கறிக்கு மாறுபவை. வெள்ளி, சனி, அமாவாசை, புரட்டாசி மாதம், குமுளி வழியாகச் சபரிமலை போகிறவர்கள் மாலை போட்ட மண்டலம். மார்க்கையன்கோட்டையை அடுத்த குச்சனூரில் சுரபி நதிக்கரையில் சுயம்பு சனீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஆடிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். எள்ளும் நல்லெண்ணெய் விளக்கும் அவருக்கு. வீட்டில் முதல் கைச்சோறு காகத்துக்கு. அதே கோயிலின் சோணைக் கருப்பசாமிக்கோ கெடாவும் சேவலும் மதுவும். இரண்டையும் ஒரே குடும்பம் ஒரே திருவிழாவில் செய்துவிட்டு வரும். தத்துவவாதிக்கு இது முரணாகப் படலாம். நாள் பார்த்து ஒதுங்குவது கொல்லாமைக் கொள்கை அல்ல, நோன்பு. நோன்புக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு.

சமண இல்லறத்தாரின் நாட்காட்டியும் நோன்பை அறியும். ஆனால் அதன் போக்கு வேறு. அட்டமி, சதுர்த்தசி நாட்களில் அவர்களில் பலர் பச்சைக் காய்கறியையும் கீரையையும் தொடாமல் காய்ந்த பருப்பும் தானியமும் மட்டும் சமைக்கிறார்கள். பள்ளத்தாக்கின் வீடுகள் விரத நாளில் எதை நாடிப் போகின்றனவோ, அதையே அவர்கள் விரத நாளில் விடுகிறார்கள்.