வீட்டு விஷயம் யாருக்குச் சொந்தம்?

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரு சிறுகதை எழுதினேன். அதில் வரும் அப்பா சம்சு குடித்துவிட்டு வந்து சோற்றுத் தட்டைத் தூக்கி எறிவார். பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தேன். அம்மா படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரவு படுக்கப் போகும்போதுதான் கேட்டார்: “செத்துப்போன மனுஷன ஏன்பா நாலு பேர் முன்னாடி நிறுத்துற? தங்கச்சிக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்க வேணாமா?”

என்னிடம் பதில் இல்லை. கதையை அனுப்பாமல் வைத்துவிட்டேன்.

வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக்கூடாது என்றுதான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அதில் ஓர் அன்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பன்னிரண்டு வயதில், இந்த உலகத்திலேயே நம்ம வீட்டில்தான் இப்படி என்று நான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டிலும் அதே கதைதான் என்று பின்னால்தான் தெரிந்தது. எல்லோரும் மானம் காத்தார்கள். பிள்ளைகள் தனியாக அழுதோம்.

வள்ளுவர் பிறருக்குத் தீங்கு தராத சொல்லை வாய்மை என்கிறார். கீதையின் 17ஆம் அத்தியாயமும் உண்மையாக மட்டுமல்ல, இதமாகவும் நன்மை தருவதாகவும் பேசுவதையே வாக்குத் தவம் என்கிறது. அப்படியானால் அப்பாவின் குடியை எழுதுவது பாவமா? சொல்லாமல் இருப்பதாலும் தீங்கு வருமே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?

அந்தச் சமயத்தில்தான் கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ நாவலைப் படித்தேன். கெடா மாநிலம் பீடோங்கில் பிறந்தவர் அவர். தம் வாழ்க்கையின் சாயலில் எழுதிய நாவல் அது. மூன்று பையன்களோடு இந்தியாவிலிருந்து வந்த பாட்டி, தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் வேர்விடத் துடித்துத் தோற்ற அப்பா, இருவருமே அதில் உண்டு. ஆனால் கதை சொல்லும் ரவி தன்னை விட்டுவைக்கவில்லை. ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிறகு சொந்த வீட்டையே அந்நியமாகப் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறான்.

எனக்குச் சுருக்கென்றது. என் கதையில் நான் அடிபட்ட பிள்ளை மட்டும்தான். ஒருநாள் அப்பா பள்ளி வாசலில் வந்து நின்றபோது, கூட்டாளியிடம் “யாருன்னு தெரியல” என்றேனே, அதை ஏன் எழுதவில்லை? அவர் காதில் விழுந்திருக்கும்.

மறுபடி எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை அம்மாவிடம் கேட்டேன். விடியாத நேரத்தில் பால்மரம் சீவப் போனவர், தோட்டம் கைமாறி வேலை போன பிறகுதான் இரவுக் குடி தொடங்கியது என்றார். அது அவர் செய்ததை நியாயப்படுத்தாது. ஆனால் அவரை முழு மனிதராக்கியது.

என் முடிவு இதுதான். அடித்தவரிடம் அனுமதி வாங்கி எழுதவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம்மோடு சேர்ந்து அடிபட்டவரிடம் கேட்கவேண்டும், ஏனென்றால் அந்தக் கதை அவருக்கும் சொந்தம். பிறகு நம்மையும் அதே கூண்டில் ஏற்றவேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால், எழுதுவது உண்மையாக இருந்தாலும் வெறும் பழிவாங்கல்தான்.

புதிய கதையை அம்மா படித்தார். “நெஜமாவே அப்பாவ யாருன்னு தெரியலன்னு சொன்னியா?” என்றார். தலையாட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, தங்கச்சிகிட்டயும் படிக்கக் குடு” என்றார்.

அவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் காத்திருக்கிறேன்.