களாவுக்கு மணிக்கணக்கு இல்லை

நான் துபாயில் வந்து இறங்கியது 1992 பிப்ரவரியில். மூன்றாவது வாரமே நோன்பு தொடங்கிவிட்டது. மார்ச் மாதம், பகலில் இதமான வெயில், இரவில் போர்வை தேடும் குளிர். இவ்வளவுதானா பாலைவனம் என்று நினைத்தேன். 2025இலும் நோன்பு மார்ச் 1இல் தொடங்கியது. இடைப்பட்ட முப்பத்துமூன்று ஆண்டுகளில் ரமலான் இந்த ஊரின் எல்லாப் பருவங்களுக்குள்ளும் நுழைந்து வெளியே வந்து, நான் முதலில் பார்த்த இடத்திலேயே மறுபடி நின்றது. இரண்டு மார்ச்சையும் சேர்த்து எண்ணினால் முப்பத்தைந்து நோன்பு மாதங்கள். கணக்கு ஒன்று இடிக்கிறதே என்பவர்களுக்கு: 1997இல் ஜனவரியில் ஒரு ரமலான் தொடங்கியது, டிசம்பர் கடைசியில் இன்னொன்று.

பிறைக் கணக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள். அதனால் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். கட்டடக் கம்பெனியில் பிளானிங் பார்க்கிற எனக்கு இது வெறும் தகவல் இல்லை, சோறு போடுகிற விஷயம். நான்கு ஆண்டில் முடிக்க வேண்டிய கட்டடத்துக்கு அட்டவணை போடும்போது கோடை அசையாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அது ஆண்டுதோறும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ரமலானில் எல்லோருக்கும் தினம் இரண்டு மணி நேர வேலை குறைப்பு. அது மட்டும் ஒவ்வோர் ஆண்டும் இடம் மாறும். ஒன்று சூரியனுக்குக் கட்டுப்பட்டது, மற்றொன்று பிறைக்கு.

இரண்டும் முழுசாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்த ஆண்டுகளில் 2015ம் ஒன்று. ஜூன் 18இல் நோன்பு தொடங்கியது. ஆண்டின் மிக நீண்ட பகல் அந்த மாதத்துக்குள்ளேயே இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு பஜ்ர் பாங்கு, மாலை ஏழு மணி தாண்டி மஃரிப். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் கிடையாது. வெயில் நாற்பதைத் தாண்டும், அதன்மேல் கடல் ஈரம் வேறு.

நான் போட்ட அட்டவணை பார்க்க அழகாக இருந்தது. காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை வேலை. இரண்டு மணி நேரக் குறைப்பும் ஆயிற்று, மத்தியான வெயில் தடையும் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்கே ஒரு பெருமை. நான்காம் நாள் பதினொன்றரை மணிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவன் கம்பி வலையின் மேலேயே சாய்ந்துவிட்டான். சாய்ந்த பக்கத்துக் கையில் வரிவரியாகச் சுட்ட தழும்பு. ஆறு மணிக்கு வேலைக்கு வர அவன் ஐந்து மணிக்கே முகாமில் பஸ் ஏறியிருக்கிறான். வேலை முடிந்த பிறகும் ஏழு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருக்க வேண்டும். அதை நான் எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. சட்டத்தைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. பிழை என்னுடையது.

அன்று இரவு தராவீஹ் முடிந்து முகாம் பள்ளியில் உட்கார்ந்திருந்தோம். ராமநாதபுரம் பக்கத்து ஷட்டரிங் கார்பெண்டர் ஒருவர், என்னை விடப் பத்து வயது இளையவர், ஹஜ்ரத்திடம் கேட்டார்: "ஹஜ்ரத், தாங்க முடியாம நோன்ப விட்டுட்டு, டிசம்பர்ல களாவா பிடிச்சுக்கலாம்ங்கிறீங்க. சரி. இது பதினஞ்சு மணி நோன்பு, அது பன்னெண்டு மணி நோன்பு. மூணு மணி நேரம் கடனா நிக்காதா?"

ஹஜ்ரத் சிரித்தார். "நாளுக்கு நாள்தாம்ப்பா கணக்கு. மணிக்கணக்கெல்லாம் உங்க ஆபீஸ்ல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தப் பதில் என்னைப் பல நாள் விடவில்லை. சலுகை அவ்வளவு தாராளமாக இருக்கிறது. நோயாளியும் பயணியும் வேறு நாளில் பிடிக்கலாம் என்று குர்ஆனே சொல்கிறது. கடும் வெயிலில் லுஹர் தொழுகையைச் சற்றுத் தணிந்த பிறகு தொழச் சொல்லும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வெயிலைப் பார்த்து ஒதுங்குவது ஈமானுக்குக் குறை என்று மார்க்கம் எங்குமே சொல்லவில்லை. அப்படியானால் மாதத்தையே ஏன் ஒதுக்கி வைக்கவில்லை? டிசம்பரில் நிறுத்திவிட்டால் முடிந்தது அல்லவா? அரபு மண்ணில் இறங்கிய மார்க்கத்துக்கு அரபு மண்ணின் வெயில் தெரியாதா என்ன? ரமலான் என்ற பெயரே சுட்டெரிக்கும் சூட்டைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததுதான்.

வழி தெரியாமல் விட்டதில்லை. மாதங்களைத் தள்ளிப்போடும் 'நஸீ' என்ற வழக்கம் அரபிகளிடம் முன்பே இருந்தது. புனித மாதத்தைத் தள்ளிவைத்துப் போர் செய்துகொள்வார்கள் என்று ஒரு விளக்கம். ஹஜ்ஜை வணிகத்துக்குத் தோதான பருவத்தில் நிறுத்த மாதம் ஒன்றைச் செருகினார்கள் என்று இன்னொன்று. ஒன்பதாம் அத்தியாயத்தின் 37ஆம் வசனம் அதைக் கடுமையாகத் தடுத்தது.

மாதத்தை ஒரே பருவத்தில் நிறுத்தாததற்கு நம் ஊர் பயான்களில் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் உண்டு: மாதம் சுற்றி வந்தால்தான் உலகத்துக்கே நியாயம். டிசம்பரில் நிறுத்தினால் துபாய்க்காரனுக்குக் குளிர் நோன்பு, ஆஸ்திரேலியாக்காரனுக்குக் காலமெல்லாம் கோடை நோன்பு. சரியான விளக்கம்தான். ஆனால் அந்த வட்டத்தை ஏசி அறையில் கடந்தவனும், கம்பி வலை மேல் கடந்தவனும் ஒரே வட்டத்தைச் சுற்றியவர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

எனக்குப் பட்டது வேறு. மாதத்தை நகர்த்தும் உரிமை யாருக்காவது இருந்தால் அது யாரிடம் போய்ச் சேரும்? அட்டவணை போடுகிறவனிடம். நஸீ காலத்தில் அறிவித்தவர்களும் ஒரு குறிப்பிட்ட குலத்தார்தான். என் தொழிலைச் செய்கிறவன் கையில் மாதத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கான்கிரீட் போடும் வாரத்தைத் தவிர்த்துவிட்டுத்தான் பிறையே பிறக்கும். எனவே மாதம் நம் கைக்கு எட்டாத உயரத்தில் போய்விட்டது. நமக்கு விடப்பட்டது நாளும் பொழுதும். லுஹரைத் தணித்துக்கொள்ளலாம், நோன்பை வேறு நாளில் பிடிக்கலாம், வேலையை இரவுக்கு மாற்றலாம். மாதத்தைத் தொடாதே என்ற கட்டளைக்குள், பொழுதை மாற்றிக்கொடு என்ற கடமை ஒளிந்திருக்கிறது. நோன்பாளி வெயிலில் விழுந்தால் அது விதியென்று கைகழுவ, பொழுதைக் கையில் வைத்திருப்பவனுக்கு வழியில்லை.

முத்துக் குளித்த காலத்து வளைகுடாக்காரர்களிடம் இந்தத் தெளிவு இருந்திருக்கிறது. வணக்கத்துக்குப் பிறை. பிழைப்புக்கு சுஹைல். நம் பக்கம் அகத்திய நட்சத்திரம் என்கிறோமே, அதேதான். ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன் அது தெற்கே தலைகாட்டினால் வெயில் இறங்கப்போகிறது என்று அர்த்தம். அங்கிருந்து பத்துப் பத்து நாளாக எண்ணி, காற்றுக்கும் மீனுக்கும் பேரீச்சைக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். 'துரூர்' என்று பெயர். இரண்டு நாட்காட்டியையும் ஒன்றாக்க அவர்கள் முயலவில்லை.

2015இல் ஐந்தாம் நாள் நான் மேலாளரிடம் போனேன். இரவு வேலைக்கு அனுமதி, விளக்கு, கிரேன் வாடகை, எல்லாம் கூடுதல் செலவு. கோடையில் கான்கிரீட் சூடேறிவிடும் என்று ஐஸ் கலந்து இரவில்தானே போடுகிறோம், கான்கிரீட்டுக்குக் கொடுக்கிற மரியாதையை ஆளுக்கும் கொடுங்கள் என்றேன். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது, அது என் மேலேயே இருந்த கோபம். ஒரு வாரம் இழுத்தடித்துச் சம்மதித்தார்கள். இரவு ஒன்பது முதல் மூன்று வரை வேலை, ஸஹர் சாப்பாடு சைட்டிலேயே. மீதி நோன்பு அப்படிப் போனது. கார்பெண்டருக்கு ஆறு களா. டிசம்பரில் பிடித்து முடித்தார். "லேசா இருந்துச்சு காக்கா, வெக்கமாவே இருந்துச்சு" என்றார்.

2030இல் ரமலான் இரண்டு முறை வரும், ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. அப்போதெல்லாம் இந்த ஊரில் யாருக்கும் நோன்பு பெரிதாகத் தெரியாது. நோன்பு மறுபடி ஜூன் நடுவில் போய் நிற்பது 2048இல். நான் இருந்தால் எனக்கு எழுபத்தொன்பது. அந்த ஆண்டு இங்கே என் நாற்காலியில் உட்காரப்போகிற தம்பிக்கு ஒரு விண்ணப்பம்: காலை ஆறு முதல் பன்னிரண்டு என்று அட்டவணை போட்டுவிடாதீர்கள். இரவு ஒன்பது முதல் மூன்று என்று எழுதுங்கள். விளக்குச் செலவைத் தொடக்கத்திலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.